பம்மாத்தும் பயனும்: கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வித்தைகள்

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்குடா, வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்தில் எங்கள் தலைமுறை முதலில் கையில் பிடித்த விளையாட்டுக் கருவியை நிண்டெண்டோவும் செய்யவில்லை, சோனியும் செய்யவில்லை. மேலிருந்து கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும் சீனத்து ‘பிரிக் கேம்’ அது. இரண்டு பென்ரோர்ச் பற்றரி, அகலத்தில் பத்தும் உயரத்தில் இருபதுமாக இருநூறு கட்டங்கள், காதைக் குடையும் ஒரு கீச்சொலி. முகப்பில் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவை சில விளையாட்டுகள்தான். வேகத்தையும் நிலையையும் மாற்றி மாற்றி எண்ணினால்தான் அந்த நாலு ஒன்பது வரும். சவூதியிலிருந்தும் கட்டாரிலிருந்தும் விடுமுறையில் வந்தவர்களின் பெட்டிகளில் சவர்க்காரத்தோடும் சென்ட் போத்தல்களோடும் இதுவும் வந்து இறங்கும். அந்தப் பம்மாத்தை யாரும் பெரிய குறையாகச் சொன்னதில்லை. அதற்காக ஒரு பற்றரிகூட அதிகம் செலவாகவில்லை, அவ்வளவுதான்.

திரையும் பொத்தான்களும் போதும் என்றிருக்கும் கருவியில் மூன்றாவதாக ஒன்றைப் பொருத்துவது கொம்பனிகளின் வழக்கம்: இன்னொரு திரை, கமெரா, சுழற்றும் கைபிடி, கண்ணாடி போடாமல் தெரியும் முப்பரிமாணம், வெயிலை அளக்கும் சில்லு. இதெல்லாம் விளம்பரப் படத்துக்குச் செய்கிற வேலை, மூன்றாம் மாதம் யாரும் தொடமாட்டார்கள் என்பார் ஒரு சாரார். இன்று கேள்வி கேட்காமல் பயன்படுத்துகிற தொடுதிரையும் ஒருநாள் வித்தையாகத்தான் வந்தது என்பார் இன்னொரு சாரார். நல்ல விளையாட்டு வாய்த்தால் வித்தை வசதியாகும், வாய்க்காவிட்டால் பம்மாத்தாகவே கிடக்கும் என்று நடுவில் நிற்பவர்களும் உண்டு. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று தரப்பும் கருவி புதுப்பெட்டியில் இருக்கும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன. எங்கள் ஊருக்கு இவை வந்து சேர்வது கை மாறி, காலம் பிந்தி. அந்த வித்தைக்குக் காசு கொடுத்தது யார், தீர்ந்தது யாருடைய பற்றரி, உடைந்தால் திருத்தப்போவது யார் என்ற கேள்விகள் இங்கிருந்து பார்த்தால்தான் பெரிதாகத் தெரியும்.

இந்தக் கணக்கை முதலில் சரியாகப் போட்டவர் கும்பெய் யோகோய். 1965இல் நிண்டெண்டோவின் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கச் சேர்ந்த மனிதர். 1980இல் அவர் செய்த ‘கேம் அண்ட் வோச்’ கருவிகளின் திரை, கல்குலேட்டர்களில் இருந்த அதே திரவப் படிகத் திரைதான். கல்குலேட்டர் கொம்பனிகளின் போட்டியில் அதன் விலை விழுந்துகிடந்தது. விலை குறைந்து, குணம் முழுக்கத் தெரிந்துபோன பழைய தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை. 1982இல் ‘டொங்கி கொங்’ விளையாட்டை இரண்டு திரைகளோடு மடிக்கும் கருவியாகச் செய்தபோது, நீட்டிக்கொண்டிருக்கும் தடியை மூடிக்குள் அடக்க முடியாது என்பதால், தட்டையான சிலுவைப் பொத்தானைப் பொருத்தினார். அந்தப் பொத்தானின் வாரிசு இல்லாத கட்டுப்பாட்டுக் கருவியை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். மடிப்பு என்ற வித்தைக்காகச் செய்த ஒரு சமாளிப்பு, வித்தையை விட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது.

1989இல் நிண்டெண்டோவின் ‘கேம் போய்’ வந்தது. பச்சை படிந்த திரை, நான்கே நிறச்சாயல், பின்னால் வெளிச்சம் கிடையாது. அதே ஆண்டு அட்டாரியின் ‘லிங்ஸ்’ வர்ணத் திரையோடு வந்தது. இடக்கைக்காரர்கள் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து விளையாடவும் வசதி செய்திருந்தார்கள். அடுத்த ஆண்டு சேகாவின் ‘கேம் கியர்’ வந்தது. அதற்குத் தனியாக ஒரு இணைப்பு வாங்கினால் தொலைக்காட்சியே பார்க்கலாம். கடையில் மூன்றையும் பக்கத்தில் வைத்தால் கேம் போயை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் லிங்ஸும் கேம் கியரும் ஆறு ஆறு பற்றரிகளை நான்கைந்து மணி நேரத்தில் தின்று தீர்த்தன; கேம் போய் நாலு பற்றரியில் பத்து மணி நேரத்தையும் தாண்டி ஓடியது. விற்பனையில் யார் வென்றார் என்பது தெரிந்த கதை. பின்வந்த வர்ணப் பதிப்பையும் சேர்த்தால் கேம் போய் 118 மில்லியனைத் தாண்டி விற்றது.

பற்றரிக் கணக்கு எங்கள் நாட்டில் சில்லறை விசயமாக இருந்ததில்லை. போர்க்காலத்தில் வடக்குக்குக் கொண்டுபோகத் தடைவிதித்த பொருள்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் பற்றரி போட்ட எதையும் வீணாக எரியவிடமாட்டார்கள். பிறகு 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. உள்ளே ஒட்டிவைத்த, மின்னேற்றினால்தான் உயிர்பெறும் பற்றரி கொண்ட நவீன கருவிகள் அலமாரியில் கிடக்க, கடையில் வாங்கிப் போடும் பென்ரோர்ச் பற்றரியில் ஓடும் பழையவை வேலை செய்தன. யோகோய் நிண்டெண்டோவை விட்டு விலகி, பண்டாய் கொம்பனிக்காகக் கடைசியாகப் பங்கெடுத்த ‘வொண்டர்ஸ்வான்’ ஒரே ஒரு பென்ரோர்ச் பற்றரியில் முப்பது மணி நேரம் வரை ஓடக்கூடியது. நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பிடிக்கலாம் என்பது அதன் வித்தை. அதற்கென்று தனிப் பொத்தான்களும் உண்டு. 1997இல் வீதி விபத்தில் இறந்துபோனதால், 1999இல் அது கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. அவருடைய பெரிய தோல்வி 1995இன் ‘வேர்ச்சுவல் போய்’. சிவப்பு நிறம் மட்டும் காட்டும் முப்பரிமாணப் பெட்டி, கண்ணை அதற்குள் புதைத்துக்கொண்டு பார்க்க வேண்டும், ஓராண்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். தன் கொள்கையைத் தானே மீறினால் என்னாகும் என்பதற்கு யோகோயே சாட்சியாகிப்போனார்.

இனி, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதிகம் பேசப்படாததும் அதுதான். 1998க்குப் பிறகு ஏழெட்டு ஆண்டுகள் நிண்டெண்டோவும் மற்றவர்களும் வித்தையைக் கருவிக்குள் வைக்காமல், விளையாட்டு அடங்கிய கசெட்டுக்குள் வைத்தார்கள். ‘கேம் போய் கமெரா’ ஒரு கசெட்தான்: தலையில் உருண்டைக் கமெரா, 128க்கு 112 புள்ளியில், நான்கு சாயலில் படம். வெப்பத்தாளில் அச்சடிக்கும் ஒரு சின்னப் பெட்டியும் கூட விற்றார்கள். அன்றைக்கே விளையாட்டுச் சாமான் தரம்தான். ஆனால் நீல் யங் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தட்டின் அட்டைப்படம் அதில் எடுத்தது. அதே ஆண்டு வந்த கேர்பி விளையாட்டு ஒன்றில் சாய்வை உணரும் சில்லைக் கசெட்டில் வைத்தார்கள். கருவியைச் சாய்த்தால் கேர்பி என்ற உருண்டைப் பாத்திரம் உருளும். 2004இன் ‘வாரியோவேர் டுவிஸ்டெட்’ கசெட்டில் சுழற்சியை உணரும் சில்லும் அதிரும் மோட்டாரும் இருந்தன. ஐந்து விநாடி விளையாட்டுகள், பெரும்பாலானவற்றுக்குக் கருவியையே திருப்ப வேண்டும்.

இந்த வரிசையின் உச்சம் 2003இல் கொனாமி வெளியிட்ட ‘பொக்டாய்’. தயாரித்தவர் ஹிடெயோ கோஜிமா. இரத்தக் காட்டேரிகளை வெயிலால் கொல்லும் கதை. அந்த வெயில் உண்மையான வெயில். கசெட்டின் முதுகில் வெளிச்சத்தை அளக்கும் உணரி இருந்தது. துப்பாக்கிக்குச் சக்தி வேண்டுமென்றால் விளையாடுபவர் வீட்டைவிட்டு வெளியே வந்து முற்றத்தில் நிற்க வேண்டும். குளிர்நாட்டு விமர்சகர்கள் இதைத்தான் குறைசொன்னார்கள்: மழை பெய்தால் என்ன செய்வது, இரவு வேலை முடிந்து வருபவன் எங்கே போவான், வெயிலில் பிடித்தால் திரை தெரியவில்லையே என்று. நியாயமான குறைகள். ஆனால் பாசிக்குடாக் கடற்கரையில் பகல் பதினொரு மணிக்கு யாரும் இதைக் கேட்கமாட்டார்கள். மாரிகாலத்தின் இரண்டு மூன்று மாதத்தை விட்டால், இங்கே அந்த உணரிக்கு வேலை குறையாது. ஒரே வித்தை ஓர் ஊரில் தொல்லையாகவும் இன்னோர் ஊரில் இலவசமாகவும் இருக்கும் என்பதை விமர்சனம் எழுதுகிறவர்கள் கணக்கில் எடுப்பதேயில்லை. பின்னால் இந்தத் தொடர் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு மாறியபோது உணரியைக் கைவிட்டு, விளையாட்டுக்குள்ளேயே பொய்வெயில் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதுபோல ஆயிரம் விளையாட்டு உண்டு.

கசெட்டுக்குள் வைப்பதன் நன்மை வெளிப்படையானது. வேண்டியவன் வாங்குவான், வேண்டாதவனுடைய கருவியின் விலையும் எடையும் கூடாது. சில்லுப் பழுதானால் ஒரு விளையாட்டுத்தான் போகும், கருவி பிழைத்துக்கொள்ளும். குறையும் உண்டு. கேர்பி கசெட்டைப் பின்வந்த ‘கேம் போய் அட்வான்ஸ் எஸ்பி’யில் செருகினால் அது தலைகீழாக உட்காரும், சாய்த்த திசைக்கு எதிராக உருண்டை ஓடும். இதைவிடப் பெரிய குறை, அந்தச் சில்லை நம்பி வேறு யாரும் விளையாட்டு எழுதமாட்டார்கள் என்பது. தனியாக விற்கும் பொருள் எத்தனை பேரிடம் இருக்கும் என்று தெரியாமல் யார் உழைப்பைக் கொட்டுவார்?

இதற்கு வந்த பதில்தான் நிண்டெண்டோ டிஎஸ்: வித்தைகளை எல்லோருடைய கையிலும் திணித்துவிடுவது. 2004 நவம்பரில் அமெரிக்காவிலும் டிசெம்பர் 2ஆம் திகதி ஜப்பானிலும் வெளிவந்தது. இரண்டு திரை, கீழ்த்திரை தொடுதிரை, ஒலிவாங்கி. இரண்டு திரை என்ற யோசனை முன்னாள் தலைவர் ஹிரோஷி யமவுச்சியுடையது. அதை நடத்திக்காட்டியவர் அப்போதைய தலைவர் சதோரு இவாத்தா. பத்து நாளில் சோனியின் பிஎஸ்பி பெரிய, பளபளப்பான ஒற்றைத் திரையோடு வந்தபோது டிஎஸ்ஸை விளையாட்டுச் சாமான் என்று சிரித்தவர்கள் பலர். (பிஎஸ்பி வந்து இரண்டு வாரத்தில் சுனாமியில் கடல் எங்கள் கரையை அள்ளிக்கொண்டு போனது. அந்த ஆண்டு கல்குடாவில் யாரும் இந்தப் போட்டியைக் கவனித்திருக்கமாட்டார்கள்.) கடைசியில் பிஎஸ்பி எண்பது மில்லியனை ஒட்டி நின்றது, டிஎஸ் 154 மில்லியன்.

டிஎஸ் வென்றது எப்படி என்பதில்தான் கருத்துகள் மோதுகின்றன. தொடுதிரை இயல்பானது, ஒலிவாங்கி பம்மாத்து என்பது பொதுவான பேச்சு. அதை நான் முழுதாக ஏற்கவில்லை. 2007இன் செல்டா விளையாட்டில் மெழுகுதிரியை அணைக்க ஒலிவாங்கியில் ஊத வேண்டும். அது சின்னக் குறும்பு, ஒருமுறை சிரிக்கலாம். ஆனால் அதே விளையாட்டில் மேல்திரையில் உள்ள வரைபடத்தின் அடையாளத்தைக் கீழ்த்திரையின் வரைபடத்தில் ஒற்றி எடுக்க ஓர் இடம் உண்டு. பொத்தான்களை அழுத்திப் பார்த்துக் களைத்தவர்கள் கருவியை மூடிவைப்பார்கள். திறந்து பார்த்தால் முத்திரை ஒட்டியிருக்கும். மூடுவதுதான் விடை. அந்த மடிப்பும் இரண்டு திரையும் இல்லாத எந்தக் கருவியிலும் இதைச் செய்திருக்க முடியாது. இரண்டு திரைக்காரர்களின் வாதத்துக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இந்தியாவின் ஓர் உதாரணத்தையும் இடையில் சொல்லவேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களின் முயற்சியில் பிறந்த ‘சிம்ப்யூட்டர்’ ஏழைகளுக்கான கையடக்கக் கணினி என்று பேசப்பட்டது. 2004இல் விற்பனைக்கு வந்த அதன் ‘அமிடா’ வகையில் கை அசைவை உணரும் சில்லு இருந்தது. அசைத்துப் பக்கம் புரட்டலாம், சாய்த்துக் கோலி உருட்டி விளையாடலாம். ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பு! விற்பனை சில ஆயிரத்தோடு நின்றுபோனது. அந்தச் சில்லை நம்பி விளையாட்டு எழுத அங்கே யாருமில்லை. நல்ல யோசனை முதலில் யாருக்குத் தோன்றியது என்பதற்கும் யாரிடம் அது பயனாயிற்று என்பதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

முப்பரிமாணத்துக்கு வருவோம். 2011 பெப்ரவரியில் வந்த நிண்டெண்டோவின் ‘3டிஎஸ்’ கண்ணாடி இல்லாமல் ஆழம் காட்டியது. பக்கத்தில் ஒரு தள்ளுபொத்தான். ஆழத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அணைத்தும் விடலாம். அணைக்கலாம் என்பதே ஒரு வாக்குமூலம். அமெரிக்காவில் 249.99 டொலருக்கு விற்றது ஆறு மாதம் ஆகுமுன் 169.99க்கு இறங்கியது, இவாத்தா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு முப்பரிமாணத்தைக் காட்ட வேண்டாம் என்று கொம்பனியே எச்சரித்தது. 2013இல் மடிப்பும் இல்லாமல் முப்பரிமாணமும் இல்லாமல் ‘2டிஎஸ்’ஸை 129.99 டொலருக்கு விற்றது. அதில் ஏறக்குறைய எல்லா விளையாட்டும் தடையில்லாமல் ஓடின. 2016இல் வந்த போக்கிமொன் விளையாட்டுகள் முப்பரிமாணத்தைக் கிட்டத்தட்ட கைகழுவிவிட்டன. ஒரு வித்தையைக் கழற்றிவிட்டு விற்றும் ஏறக்குறைய எந்த விளையாட்டும் முறியவில்லை என்றால், அது பம்மாத்து என்று செய்தவரே ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். ‘சூப்பர் மாரியோ 3டி லாண்ட்’டில் சில இடங்களில் ஆழம் தெரிந்தால் பாய்வது சுலபம் என்பது உண்மை. அதற்காக 76 மில்லியன் கருவிகளை நெருங்கிய விற்பனையில் பெரும்பகுதி அந்தத் திரையைச் சுமந்திருக்கத் தேவையில்லை.

சோனியின் ‘வீட்டா’வை இதே உரைகல்லில் உரசினால் வேறு நிறம் தெரிகிறது. 2011 டிசெம்பரில் வந்த அதன் முதுகிலும் தொடுபரப்பு இருந்தது. பிடித்திருக்கும் விரல் தவறிப் பட்டு விளையாட்டுக் கெடுவதுதான் பலருடைய அனுபவம். ஆனால் 2013இன் ‘டெயர்அவே’யில் முதுகைத் தொட்டால் கடதாசி உலகத்தைக் கிழித்துக்கொண்டு உங்கள் விரல் திரைக்குள் நுழையும், அந்த ஒரு விளையாட்டுக்காக முதுகுப் பரப்பை மன்னிக்கலாம். அதே ஆண்டு ஜப்பானில் திரையில்லாத ‘வீட்டா டீவி’யை விற்றபோது தொடுபரப்பை நம்பிய பல விளையாட்டுகள் அதில் ஓடவில்லை. ஆக இங்கே வித்தை விளையாட்டுகளுக்குள் இறங்கித்தான் இருந்தது. வீட்டாவைக் கெடுத்தது வேறு: அதற்கென்றே செய்த நினைவக அட்டை. 32 ஜிபி அட்டைக்கு அமெரிக்காவில் 100 டொலர். கண்ணைக் கவரும் வித்தையைப் பற்றி எல்லோரும் வாதாடிக்கொண்டிருக்க, பணப்பையைக் காலிசெய்தது யாரும் படமெடுத்துப் போடாத ஒரு சின்னத் துண்டு.

நொக்கியாவின் ‘என்-கேஜ்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொலைபேசியும் விளையாட்டும் ஒன்று என்றார்கள். பேசும்போது விளிம்பைக் காதில் வைக்க வேண்டும், விளையாட்டை மாற்ற பற்றரியைக் கழற்ற வேண்டும். வந்த அடுத்த ஆண்டே இரண்டையும் திருத்திப் புதுவகை போட்டார்கள்.

‘சுவிட்ச்’ இன்னும் குழப்பமான சாட்சி. 2017இல் வந்தபோது கழன்று வரும் கட்டுப்பாட்டுத் துண்டுகள், நுணுக்கமான அதிர்வு, வலத்துண்டின் அடியில் அகச்சிவப்புக் கமெரா என்று வித்தைகள் குவிந்திருந்தன. கமெராவைப் பயன்படுத்திய விளையாட்டுகளை விரல்விட்டு எண்ணலாம். 2019இன் ‘சுவிட்ச் லைட்’டில் கழற்றலும் இல்லை, கமெராவும் இல்லை, கையில் வைத்து விளையாடுபவர்களுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. 2025 ஜூனில் வந்த ‘சுவிட்ச் 2’இன் துண்டுகளில் கமெராவை நீக்கிவிட்டார்கள், மாற்றாக, துண்டை மேசையில் சாய்த்துவைத்துக் கணினி மவுஸ் போல நகர்த்தலாம் என்கிறார்கள். பாய் விரித்து உட்காரும் வீட்டில் அதை எங்கே நகர்த்துவது? ஆனால் பழைய சுவிட்சில் அதிகம் பழுதானது இந்த வித்தைகளில் ஒன்றுமல்ல. தொடாமலே பாத்திரத்தை நகர்த்திவிடும் சாதாரணத் தடிதான். 2020இல் கொம்பனித் தலைவர் அதற்காக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வித்தையை வெறுப்பவர்களுக்கு இது நல்ல குட்டு.

அதே சுவிட்சுக்கு 2018இல் வந்த ‘லபோ’வில் மட்டை அட்டைகளை மடித்துப் பியானோ, தூண்டில் செய்யலாம். கிழிந்தால் ஒட்டலாம், வரைபடத்தைப் பார்த்து வேறு அட்டையில் வெட்டலாம். விலைதான் அட்டைக்குரிய விலையாக இருக்கவில்லை. 2022இல் வந்த ‘பிளேடேட்’டின் பக்கத்தில் ஒரு கைபிடி. பார்ப்பவர்கள் எல்லோரும் அது மின்னேற்றும் என்று நினைக்கிறார்கள். ஏற்றாது, விளையாட மட்டும்தான். ஏற்றியிருந்தால் மின்வெட்டுக் காலத்தில் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்போம். ஆனாலும் பின்வெளிச்சம் இல்லாத அதன் கறுப்பு வெள்ளைத் திரை வெயிலில் துல்லியமாகத் தெரியும். பலருக்கு அதுதான் குறை, கடலோரத்தில் இருப்பவனுக்கு அதுதான் சிறப்பு.

எல்லாவற்றையும் பார்த்தபின் என் நிலைப்பாடு யோகோயின் பக்கம் சாய்கிறது, ஒரு நிபந்தனையோடு. மலிவான வித்தையைக் கருவிக்குள் வையுங்கள். தொடுதிரையும் சாய்வுச் சில்லும் இன்று அப்படித்தான் ஆகிவிட்டன. விலையையோ பற்றரியையோ கூட்டுகிற வித்தை கசெட்டோடு, தனியாக வரட்டும். அப்படி வந்தால் பொக்டாய் போலப் பத்துப் பேர் செய்து பார்ப்பார்கள், ஒன்பது தோற்றாலும் யாருடைய கருவியும் கெடாது. இப்போதைய போக்கு நேரெதிர். கசெட்டே ஒழிந்துகொண்டு வருகிறது; வித்தை முழுக்க உடம்புக்குள் போகிறது, ஒட்டிய பற்றரியோடும் திறக்க முடியாத திருகாணிகளோடும். உப்புக்காற்றில் வருடக்கணக்காகக் கிடந்த பழைய கருவியின் பற்றரிச் சுருளில் பச்சை பிடித்தால் வினாகிரி தொட்டுத் துடைத்து ஓட்டலாம். மடிப்புக் கருவியின் இணைப்புப் பட்டி அறுந்தால் வாழைச்சேனையில் திருத்துகிறவரும் கையை விரித்துவிடுவார்.

சுவிட்ச் 2 வெளிவந்தபோது அமெரிக்காவில் 449.99 டொலர். ஒரு டொலர் முன்னூறு ரூபா என்றாலே ஒரு இலட்சத்து முப்பத்தைந்தாயிரம். வரியும் கடை இலாபமும் வேறு. ஆகவே இங்கே பெரும்பாலோர் பழையதைத்தான் வாங்கப்போகிறோம். வாங்குமுன் விற்பவர் முன்னாலேயே தடியை விட்டுவிட்டுப் பாத்திரம் தானாக நகர்கிறதா என்று பாருங்கள், மடிப்பைப் பத்துமுறை திறந்து மூடுங்கள், நினைவக அட்டை சாதாரண வகையா தனி வகையா என்று கேளுங்கள். 3டிஎஸ்ஸும் 2டிஎஸ்ஸும் ஒரே விலைக்குக் கிடைத்தால் 2டிஎஸ்ஸை எடுங்கள். மடிப்பே இல்லாததால் அறுந்துபோக அதில் பட்டி இல்லை.